தீபாவளி டப்பாவில் மிஞ்சியதும் மழைக்கால டம்ளரும்

தீபாவளி முடிந்த நான்காம் நாள் பலகார டப்பாவைத் திறந்தால் பெரும்பாலான வீடுகளில் காட்சி ஒன்றுதான். முறுக்கும் தட்டையும் தீர்ந்திருக்கும். ஓரம் உடைந்த மைசூர்பாகு, எதிர்வீட்டிலிருந்து வந்த லட்டு, அலுவலகத்தில் கொடுத்த பெட்டியில் பாதி முந்திரி கத்லி, யாரும் தொடாத பாதுஷா எல்லாம் அப்படியே கிடக்கும். வெளியே அடைமழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த ஈரக்காற்றில் சர்க்கரையும் வெல்லமும் நீரை இழுத்துக் கசியும். நெய்ப் பலகாரம் நாளாக நாளாகச் சிக்கு வாடை பிடிக்கும். சாயங்காலம் சூடாக ஏதாவது குடிக்கலாமா என்று வீட்டில் எல்லோரும் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் அதே மழையால்தான். டப்பாவில் இருப்பதையே டம்ளருக்குக் கொண்டுவரும் வழிகளை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

கையில் கிடைத்த இனிப்பைச் சூடான பாலில் போட்டுக் கலக்கினால் திப்பி மிதக்கும் தித்திப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். அதைக் குடித்துப் பார்த்தவர்கள் மறுபடி இந்த வழிக்கே வரமாட்டார்கள். பார்க்க வேண்டியது அந்த இனிப்பு எதனால் ஆனது என்பதை. பால்கோவா, சுண்டக் காய்ச்சிய பால். மைசூர்பாகு, நெய்யில் வெந்த கடலை மாவு. முந்திரி கத்லி, பாதாம் பாலுக்கு அரைக்கும் விழுதுக்குப் பங்காளி. கடலை மிட்டாயில் இருப்பது வேர்க்கடலையும் வெல்லமும். ஒவ்வொன்றிலும் ஒரு பானத்தின் பாதி வேலையை யாரோ உங்களுக்காக ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார்கள். பால், தண்ணீர், தேங்காய்ப்பால் இவற்றில் எது அதற்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் மீதிப் பாதி சுலபம்.

எல்லாப் பானத்துக்கும் பொதுவான விதி ஒன்று: சர்க்கரை தனியாகச் சேர்க்கவே கூடாது. 150 மில்லி டம்ளருக்கு 20 கிராம் இனிப்பு, அதாவது கடையில் வாங்கும் மைசூர்பாகில் ஏறக்குறையப் பாதித் துண்டு போதும். பாலில் கரைத்துவிட்டால் இனிப்பு குறைந்துவிடும் என்று சர்க்கரை நோயாளிகள் சிலர் நம்புகிறார்கள். நாக்குக்குத்தான் அது குறையும், உடம்புக்குள் போகும் அளவு அதேதான். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. பெரியவர்களுக்கு ஐந்து சதவீதம் என்பது சுமார் 25 கிராம்தான். ஆகவே இந்தப் பானத்தைக் காபி, டீக்குப் பதிலாகக் குடியுங்கள், அவற்றோடு கூடுதலாக வேண்டாம்.

முதலில் மூக்கு

மிஞ்சியது வேறு, கெட்டது வேறு. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நினைப்பு. பூஞ்சை உண்டாக்கும் நச்சுகளில் பல, அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. வேர்க்கடலையில் வளரும் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் அப்படிப்பட்டதுதான். இனிப்பின் மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ பஞ்சு மாதிரி ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தத் துண்டோடு நிறுத்தாமல் அதை ஒட்டிக் கிடந்ததையும் குப்பையில் போடுங்கள். சிக்கு வாடை அடிக்கும் நெய்ப் பலகாரத்தை ஏலக்காய் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். சூடான பாலில் அந்த வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும்.

பால் இனிப்புக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துக் கொதிக்கும் வெந்நீரில் கரையுங்கள். தயிர்த் துணுக்கு மாதிரி திரிந்து பிரிந்தால் புளித்துவிட்டது, அதைத் தூக்கிப் போடுங்கள். திரியவில்லை என்பதற்காக மட்டும் நல்லதென்று முடிவு கட்டாமல், எத்தனை நாளானது என்பதையும் பாருங்கள். கடையில் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவிட்டது. வாங்கும்போதே தட்டில் செருகியிருக்கும் அந்த அட்டையைப் பார்த்து, தேதியைப் பெட்டியின் மேல் குறித்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

பால்கோவா, பேடா, பால் பர்ஃபி

டப்பாவில் முதலில் கெடுவது இவைதான், அதனால் முதலில் தீர்க்க வேண்டியதும் இவைதான். குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டாம் நாளைத் தாண்ட விடாதீர்கள்.

பால்கோவாவே சுண்டிய பால் என்பதால் அதைக் கரைக்க முழுப்பால் வேண்டியதில்லை. பாதி பால், பாதி தண்ணீர் வைத்துக் காய்ச்சி, ஒரு மேசைக்கரண்டி பால்கோவாவைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறினால் டம்ளர் நிறையக் கெட்டிப்பால் கிடைக்கும். முழுப்பாலில் போட்டால் திகட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா மாதிரி மணல் மணலாக இருக்கும் ரகம் முழுசாகக் கரையாது. அடியில் தங்கும் அந்த மணலைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவதுதான் அதில் சுகமே, வடிகட்டிவிடாதீர்கள்.

காபிக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை: டவராவில் ஒரு பேடாவை உதிர்த்துப் போட்டு, அதன் மேல் முதல் டிகாக்‌ஷனைச் சூடாக விட்டுக் கரைத்து, பிறகு கொதிக்கும் பாலை ஊற்றி இரண்டு முறை உயரத் தூக்கி ஆற்றுங்கள். சர்க்கரைக்குப் பதில் பேடா. சிக்கரி குறைவான காபிப் பொடியானால் பேடாவின் பால் மணம் மேலே வரும்.

மைசூர்பாகு

இந்த அத்தியாயத்தின் ராஜா இதுதான். பஞ்சாப் பக்கம் குளிர்காலத்தில் சளி பிடித்தவருக்கு 'பேசன் ஷீரா' என்று ஒன்று காய்ச்சிக் கொடுப்பார்கள். கடலை மாவை நெய்யில் வாசனை வர வறுத்து, பால் ஊற்றி, சர்க்கரையோ வெல்லமோ மஞ்சளோ மிளகோ சேர்த்து இளங்கூழாகக் காய்ச்சுவது. கடலை மாவு, நெய், சர்க்கரை. மைசூர்பாகில் இருப்பதும் அதே மூன்றுதான். மாவை வறுக்கும் நேரம் நமக்கு மிச்சம்.

மைசூர்பாகில் கெட்டி, நெய் என்று இரண்டு ரகம், இரண்டுக்கும் செய்முறை வேறு. பழைய முறைப்படி செய்த, துளைத்துளையாக இருக்கும் கெட்டி மைசூர்பாகை எடுத்துக் குறுக்கே உடைத்துப் பாருங்கள். மேலும் கீழும் வெளிர் மஞ்சள், நடுவில் செம்பழுப்பாக ஒரு பட்டை. தட்டில் கொட்டிய பிறகும் உள்சூடு ஆறாமல் நடுப்பகுதி தொடர்ந்து வறுபட்டதன் தடயம் அது. பானத்துக்கு மணம் தருவது அந்தப் பட்டைதான். அது அகலமாக இருக்கும் துண்டாகப் பார்த்து எடுங்கள்.

அடி கனமான சின்னப் பாத்திரத்தில் பாதித் துண்டைக் கையால் பொடித்துப் போட்டு மிகச் சிறு தீயில் வையுங்கள். எண்ணெயோ நெய்யோ வேண்டாம். அரை நிமிடத்தில் அதற்குள்ளிருந்தே நெய் கசிந்து பொடி மினுமினுக்கும், ஒரு நிமிடத்தில் மாவு வாசனை எழும். அதற்கு மேல் விட்டால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். உடனே கால் டம்ளர் வெந்நீரை ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேயுங்கள். மாவு கட்டி தட்டாமல் இருக்க இந்த இடம்தான் முக்கியம். வழுவழுவென்று கூழானதும் முக்கால் டம்ளர் பால், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தட்டிய மிளகு நான்கு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. இரண்டு கொதி வரும்வரை கிளறிக்கொண்டே இருந்து இறக்கி, நன்றாக ஆற்றுங்கள். ஆற்ற ஆற்ற மேலே மிதக்கும் நெய் பாலோடு சேர்ந்து நுரைக்கும். முழுக்க ஆறிவிட்டால் கெட்டியாகிவிடும், சூட்டோடு குடித்துவிட வேண்டும். இது சளிக்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். கரகரக்கும் தொண்டைக்கு மிக இதமானது.

வாயில் போட்டால் கரையும் நெய் மைசூர்பாகுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. கொதிக்கும் பாலில் போட்டுக் கடைந்தால் போதும். அதில் நெய் அதிகம் என்பதால் அளவை 15 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டம்ளரின் மேல் விரல்கடை உயரத்துக்கு நெய் நிற்கும்.

மாலாடும் இதே குடும்பம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, மாவும் நைசாக அரைபட்டது. ஒரு மாலாடை வெந்நீரில் குழைத்துப் பாலைச் சேர்த்தால் சத்துமாவுக் கஞ்சிக்கு நெருங்கிய ஒன்று கிடைக்கும். பள்ளி விட்டு நனைந்து வரும் குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரவா லாடு என்றால் ரவை வேக மூன்று நான்கு நிமிடம் பாலில் கொதிக்க வேண்டும், பால் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும்.

பூந்தி லட்டு இடைப்பட்ட சாதி. எண்ணெயில் பொரித்த பூந்தி கரையாது, ஊறும். லட்டை உதிர்த்து, அதில் இருக்கும் கிராம்பை எடுத்துவிட்டு, சூடான பாலில் பத்து நிமிடம் மூடி வைத்துக் கரண்டியோடு கொடுங்கள். பச்சைக்கற்பூரம் போட்ட லட்டானால் ஏலக்காய் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

முந்திரி கத்லி, பாதாம் அல்வா, தேங்காய் பர்ஃபி

கத்லி இரண்டு வில்லைகளைக் கால் டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஆறியபின் மிக்ஸியில் அரையுங்கள். சூடான திரவத்தை மூடிய மிக்ஸியில் அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைச் சுட்டுவிடும், அந்தப் பத்து நிமிடத்தில் அவசரப்பட வேண்டாம். அரைத்த விழுதைப் பாலில் கலந்து, இளஞ்சூட்டுப் பாலில் ஊறிய நான்கைந்து குங்குமப்பூ இழைகளோடு ஒரு கொதி விட்டால் கல்யாண வீட்டு பாதாம் பாலுக்கு ஈடாக நிற்கும். முந்திரியிலுள்ள மாவுச்சத்து பாலைத் தானாகவே கெட்டியாக்கும், சோள மாவு, கஸ்டர்டு பவுடர் எதுவும் கிட்டே வர வேண்டாம். பாதாம் அல்வாவுக்கு அரைக்கும் வேலைகூட இல்லை.

தேங்காய் பர்ஃபியை அதே மாதிரி வெந்நீரில் ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் இனித்த தேங்காய்ப்பால் வரும். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும்.

வெல்லம் போட்டவை

இங்கேதான் பலருக்குக் கை தவறுகிறது. வெல்லத்தில் இலேசான புளிப்புத் தன்மை உண்டு, பழைய வெல்லத்தில் இன்னும் கூடுதல். கொதிக்கும் பாலில் கடலை மிட்டாயைப் போட்டால் பால் திரிந்துவிடும். பருப்புப் பாயசத்துக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் தேங்காய்ப்பாலைப் பிடித்துக்கொண்டதற்கு ருசியோடு இதுவும் ஒரு வசதி. வெல்ல இனிப்பை முதலில் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். பிறகு தேங்காய்ப்பால் சேருங்கள். பசும்பால்தான் வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனியே காய்ச்சி, அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுச் சேருங்கள்.

கடலை மிட்டாயில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வருடம் முழுக்கக் கிடைக்கும், பண்டிகைக்கு வாங்கியது பெட்டியோடு மிஞ்சும். இரண்டு துண்டை உலக்கையால் தட்டி அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். பாகு கரைந்து தண்ணீர் செம்பழுப்பாகும், கடலை அடியில் தங்கும். ஆறியதும் அப்படியே மிக்ஸியில் நைசாக அரைத்து, இன்னொரு அரை டம்ளர் தண்ணீர், தட்டிய சுக்கு ஒரு துண்டு, ஓர் ஏலக்காயோடு சிறு தீயில் நான்கு நிமிடம் கொதிக்க வைத்தால் கடலைப்பால் தயார். ஒரு கல் உப்பு போட்டுப் பாருங்கள், வறுத்த கடலையின் ருசி எழுந்து நிற்கும். பொங்கி வழியும் சுபாவம் உள்ளது, அடுப்பை விட்டு நகராதீர்கள். எள்ளுருண்டைக்கும் இதே வழிதான், ஆனால் கறுப்பு எள்ளின் தோல் கசக்கும் என்பதால் கட்டாயம் வடிகட்ட வேண்டும்.

கார்த்திகைத் தீபத்துக்குப் பிடித்த பொரி உருண்டை இரண்டு வாரத்தில் பல்லுக்கு எட்டாத கல்லாகிவிடும். அப்போது அதை உடைத்து, ஓர் உருண்டைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கணக்கில் கொதிக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பொரி குழைந்து கஞ்சியாகும். நெற்பொரி என்றால் உமி ஒட்டியிருக்கும், மத்தால் மசித்து வடிகட்டுங்கள். நோயில் கிடப்பவருக்கு நெற்பொரிக் கஞ்சி கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம், எளிதில் செரிக்கும் என்பதால். இது அதே கஞ்சி, வெல்லமும் தேங்காய்ப் பல்லும் சேர்ந்தது. இறக்கியபின் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விடுங்கள்.

தீபாவளி லேகியமும் எப்போதும் மிஞ்சும். விடியற்காலையில் ஆளுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்ததோடு சரி, கிண்ணம் குளிர்பெட்டியின் கடைசி வரிசைக்குப் போய்விடும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம் எல்லாம் அதில் இருக்கின்றன. நெல்லிக்காய் அளவு லேகியத்தை ஒன்றரை டம்ளர் தண்ணீரில், வறுத்துத் தட்டிய மல்லி ஒரு தேக்கரண்டியோடு போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு வடிகட்டினால் சுக்குக் காபி. மேலே மிதக்கும் நெய்யைக் கரண்டியால் எடுத்துவிடலாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

குலாப் ஜாமூன் போனபின் நிற்கும் பாகு

ஜாமூன் தீர்ந்ததும் பெரும்பாலோர் பாகைக் கொட்டிவிடுகிறார்கள், எனக்கு மனசு பதறும். ஏலக்காய், சில வீடுகளில் பன்னீர், ஜாமூனிலிருந்து இறங்கிய பால் மணம் எல்லாம் அந்தப் பாகில் இருக்கின்றன. ஒரு கொதி விட்டு வடிகட்டிச் சுத்தமான பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் டீக்கு ஒன்றரைத் தேக்கரண்டி வீதம் தீர்த்துவிடுங்கள். பாகு உறையாமல் இருக்க எலுமிச்சை பிழிந்திருந்தால் பால் டீயில் சேர்க்க வேண்டாம். இஞ்சி தட்டிப் போட்ட கடுந்தேநீருக்கு அது பிரமாதமாக இருக்கும்.

டம்ளருக்கு வரக் கூடாதவை

திருநெல்வேலி அல்வாவைப் பாலில் போடாதீர்கள். கோதுமைப் பாலின் மாவுச்சத்து நெய்யோடு இறுகியது அது, கரையாமல் பசை பசையாகத் தொங்கும். தட்டில் வைத்து லேசாகச் சூடாக்கிச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை. பாதுஷாவும் அதிரசமும் ஊறுமே தவிரக் கரையாது. வடக்கே குளிர்காலக் காலைகளில் ஜிலேபியைச் சூடான பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவதுபோல, காய்ந்த பாதுஷாவைப் பாலிலும் அதிரசத்தைத் தேங்காய்ப்பாலிலும் கால் மணி நேரம் ஊறவைத்துக் கிண்ணத்தில் கொடுங்கள். சாயம் அதிகம் ஏறிய கடை இனிப்புகள் பாலின் நிறத்தையும் வாயையும் சேர்த்துக் கெடுக்கும், விட்டுவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்குப் பிறகு

ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவர்கள் கொண்டுவரும் வீட்டுமுறைச் சாக்லேட் சென்னை வெயிலில் ஒரே பாளமாக உருகி ஒட்டியிருக்கும். அதில் 25 கிராம் எடுத்து, முதலில் மூன்று கரண்டி சூடான பாலில் மட்டும் போட்டு மினுமினுப்பான விழுதாகும்வரை கலக்குங்கள். பிறகு ஒரு டம்ளர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கடைந்து ஒரு கொதி விடுங்கள். மொத்தப் பாலில் ஒரேயடியாகப் போட்டால் கொழுப்பு தனியாக மேலே மிதக்கும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த மலிவான ரகமானால் இன்னும் அதிகம் மிதக்கும், மத்துக்கு வேலை கூடும். இதில் ஒரு தேக்கரண்டி காபி டிகாக்‌ஷன் விட்டால் சாக்லேட் மணம் இரட்டிக்கும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கைப் பாலில் கரைக்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பட்டை, கிராம்பு போட்ட கடுந்தேநீரில் தொட்டுத் தின்னுங்கள், போதும்.

நாள் தள்ளி வைக்க

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் குடித்துத் தீர்க்க முடியாது. கத்லி, பேடா, பால்கோவாவை வாங்கிய ஓரிரு நாளுக்குள்ளேயே ஒரு டம்ளருக்கு வேண்டிய அளவு வீதம் தனித்தனியாக மடித்து உறைபெட்டியில் வையுங்கள். மைசூர்பாகு, மாலாடு, முந்திரி கத்லி மூன்றையும் இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்கி, கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குத் தாங்கும். தொடர்ந்து ஓட்டினால் நெய் வெளியேறிப் பொடி உருண்டு கட்டியாகிவிடும். எடுக்கும் கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பொடி, முதலில் வெந்நீரில் குழைத்து அப்புறம் பால். ஜாடியின் மேல் தேதியோடு முந்திரி இருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பொடியாகிவிட்டால் உள்ளே என்ன பருப்பு என்று கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வாமை உள்ளவர் வந்தால் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டம்ளரை நீட்ட வேண்டும்.